ஐந்து நாள் மாத்திரையை ஐந்து நாளும் சாப்பிடத்தான் வேண்டுமா?

மருந்தாளுநர் பதில்கள்

சென்ற இதழில் காய்ச்சல் மாத்திரைகளைப் பற்றி எழுதியபோது, ஆண்டிபயாட்டிக் மருந்துகளைத் தனியே ஒரு முறை பார்ப்போம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களிலிருந்து ஏழினை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பலர் தாங்கள் சாப்பிடும் மருந்தின் பெயரைக் குறிப்பிடாமல், "ஆண்டிபயாட்டிக் சாப்பிடும்போது பால் குடிக்கலாமா?", "வெறும் வயிற்றில் சாப்பிடலாமா?" என்று பொதுவாகக் கேட்டிருந்தார்கள். ஆண்டிபயாட்டிக் என்பது ஒரு மருந்தின் பெயர் அன்று. பாக்டீரியாவை அழிக்கும், அல்லது அது பெருகாமல் தடுக்கும் ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அதில் ஒன்று பாலுடன் சேரவே சேராது. இன்னொன்றுக்குப் பாலால் தொல்லையே இல்லை. ஒன்றைச் சாப்பாட்டுடன் விழுங்க வேண்டும். மற்றொன்றை வெறும் வயிற்றில். ஆகவே மருந்தின் பெயரை எழுதி அனுப்பியவர்களின் கடிதங்களுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு வயது 58. சிறுநீர்த் தொற்றுக்காகச் சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடச் சொன்னார்கள். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று என் தாயார் சொல்லிக் கொடுத்த வழக்கப்படி ஒரு தம்ளர் பாலுடன் விழுங்கினேன். எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரையும், சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன். மூன்று நாளாகியும் எரிச்சல் குறையவில்லை. பால்தான் காரணமா?
— வாசகி, தஞ்சாவூர்

பால் காரணமாக இருக்கலாம். கால்சியம் மாத்திரையும் காரணமாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல், உங்களைத் தாக்கிய கிருமியே இந்த மருந்துக்கு அடங்காத வகையாகவும் இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் குடலில் கால்சியத்தைச் சந்தித்தால் அதனுடன் பிணைந்துகொள்கிறது. அவ்வாறு பிணைந்த மருந்து குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேராமல் பெருமளவு மலத்துடன் வெளியேறிவிடும். இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம் ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. ஆகையால் இரத்தசோகைக்கான இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிவுத் திரவம், தாதுக்கள் கலந்த சத்து மாத்திரை ஆகிய எதுவும் இந்த மருந்துக்கு அருகில் வரக்கூடாது. அவற்றைச் சாப்பிடுவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாகவோ, சாப்பிட்ட பின் 6 மணி நேரம் கழித்தோதான் சிப்ரோஃப்ளாக்சசினை விழுங்க வேண்டும்.

உங்கள் கணக்கு எளிது. காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் சிப்ரோஃப்ளாக்சசின். நண்பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டுடன் கால்சியம். பாலையும் தயிரையும் மாத்திரைக்கு நேரே சேர்க்காமல் தள்ளி வையுங்கள். இட்லி, தோசை, சோறு ஆகியவற்றுடன் சாப்பிடுவதில் தடை இல்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். தஞ்சாவூர்க்காரரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும்: இந்த மருந்து காபியிலுள்ள காஃபீனை உடல் வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். வழக்கமான இரண்டு டம்ளர் காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம் என்பதால், மருந்து முடியும்வரை அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் சர்க்கரை மாத்திரை. சிப்ரோஃப்ளாக்சசின் சார்ந்த வகை மருந்துகள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்திவிடுவதுண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இந்த எச்சரிக்கையை மேலும் அழுத்தமாக்கியது. உடல் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஏதாவது தோன்றினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, குளுக்கோமீட்டர் இருந்தால் அளந்து பார்த்து, மருத்துவருக்குத் தெரிவியுங்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் வலி தோன்றினாலும் அடுத்த மாத்திரையை விழுங்குவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்; 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கும் அந்த நார் கிழியும் அபாயம் இந்த வகை மருந்துகளில் கூடுதலாக இருக்கிறது.

மூன்று நாளாகியும் எரிச்சல் குறையாததால் மருத்துவரை மீண்டும் பாருங்கள். சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை செய்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரிந்துவிடும். வீணான மாத்திரைகளை ஈடுகட்ட இன்றிரவு இரண்டாக விழுங்கிவிடாதீர்கள்.

நிமோனியா என்று சொல்லி, அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த 625 மி.கி. மாத்திரையை ஐந்து நாளுக்கு எழுதினார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. முழுவதையும் சாப்பிடாவிட்டால் கிருமிக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிடும் என்கிறார் என் அண்ணன். தேவைக்கு மேல் சாப்பிடுவதால்தான் எதிர்ப்பாற்றல் வருகிறது என்று வெளிநாட்டு மருத்துவர்களே எழுதியிருப்பதாக என் மகன் காட்டுகிறான். யார் சொல்வது சரி?
— வாசகர், சேலம்

இருவரிடமும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் ஐந்து நாளைப் பொறுத்தவரை அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

அண்ணன் சொல்லும் கருத்து பழையது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு டிசம்பரில் நோபல் உரை நிகழ்த்தியபோது ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்காட்டினார். தொண்டைப் புண்ணுக்குத் தானாகப் பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் போட்டுக்கொண்ட கணவர், அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிட்ட கிருமியைத் தம் மனைவிக்குப் பரப்புகிறார். மருந்து பலிக்காமல் மனைவி இறந்துவிடுகிறார். குறைந்த அளவில், அரைகுறையாக மருந்து போட்டுக்கொள்வது ஆபத்து என்ற பாடம் அங்கிருந்தே பரவியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பென்சிலினுக்கு அடங்கியே நடக்கிறது. எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொண்டவை வேறு பல கிருமிகள்.

மகன் காட்டுவது, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2017இல் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய கட்டுரையாகவோ அதைத் தழுவிய செய்தியாகவோ இருக்கலாம். மருந்து சாப்பிடும்போது நுரையீரலிலுள்ள நோய்க்கிருமி மட்டும் அதைச் சந்திப்பதில்லை. நம் குடலிலும் தோலிலும் மூக்கிலும் தீங்கின்றி வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் சந்திக்கின்றன. மருந்து உடலில் தங்கும் நாள் கூடக் கூட, அவற்றுள் எதிர்ப்பாற்றல் உடையவை மட்டும் பிழைத்துப் பெருக வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே தேவைக்கு மேல் ஒரு நாள்கூட மருந்து சாப்பிடாமல் இருப்பதே நல்லது என்பது அந்தக் கட்டுரையின் வாதம். மருத்துவ உலகமும் அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. முன்பு பத்து நாள், பதினான்கு நாள் என்று எழுதப்பட்ட நிமோனியாவுக்கு, நோயாளி தேறி வந்தால் ஐந்து நாளே போதும் என்பது ஆய்வுகளில் தெரிந்த பின்னர்தான் உங்கள் சீட்டில் ஐந்து என்ற எண் வந்திருக்கிறது. அதாவது, உங்கள் மகன் விரும்பும் குறைப்பை மருத்துவர் முன்பே செய்துவிட்டார். அதை நீங்கள் மேலும் மூன்றாகக் குறைப்பதானால், உங்கள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

மேலும், எல்லா நோய்க்கும் ஒரே நாள் கணக்கு கிடையாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணில் இரண்டாம் நாளே வலி போய்விடும்; ஆனாலும் பென்சிலினோ அமாக்சிசிலினோ பத்து நாள் கொடுப்பதன் காரணம், பின்னாளில் இதய வால்வுகளைப் பாழாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதுதான். காசநோயில் இரண்டே மாதத்தில் உடம்பு தேறி, எடை கூடி, இருமல் நின்றுவிடும். அதை நம்பி மருந்தை நிறுத்துபவருக்கே, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் வரும் ஆபத்து அதிகம். ஆறு மாத மருந்தில் ஒரு நாளையும் நாமாகக் கழிக்கக் கூடாது. டைபாய்டு இதற்கு நேர்மாறான தொல்லையைத் தரும். சரியான மருந்தே உள்ளே சென்றாலும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆவதுண்டு. அதற்குள் "இந்த டாக்டர் மருந்து கேட்கவில்லை" என்று வேறு மருத்துவமனைக்குப் போய், மருந்தை மாற்றிக்கொண்டு, இரண்டையும் அரைகுறையாக விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாத்திரையைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். அதைச் சாப்பாட்டின் தொடக்கத்தில், முதல் இரண்டு கவளத்துடன் விழுங்குங்கள். கிளாவுலனிக் அமிலம் அப்போதுதான் நன்றாக உடலில் சேரும், குமட்டலும் வயிற்றுப்போக்கும் குறையும். அடுத்து, அட்டை தீரும்வரை சாப்பிடுவது என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை அட்டைகள் ஆறு, பத்து என்று அடைபட்டு வருபவை. அவை உங்கள் நோயைப் பார்த்து அடைக்கப்பட்டவை அல்ல. சீட்டில் எழுதிய நாளே கணக்கு.

என் மூன்று வயது மகனுக்கு, தண்ணீர் கலந்து கொடுக்கும் பொடி மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதிலேயே எனக்கும் மாமியாருக்கும் கருத்து வேறுபாடு. கலந்த மருந்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? கொடுத்தவுடன் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுக்கலாமா?
— இளந்தாய், ஓசூர்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. பெரியவர்களின் மாத்திரையில் நேரும் தவறுகளைவிடக் குழந்தைகளின் பொடி மருந்தில் நேரும் தவறுகள் அதிகம். அவற்றில் பல வெளியே தெரியாமலே போய்விடுகின்றன.

முதலில் புட்டியை மூடியபடியே தட்டி, அடியில் கட்டியாக இறுகிய பொடியை உதிர்த்துவிடுங்கள். பெட்டிக்குள் தண்ணீர்க் குப்பி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கொதிக்க வைத்து முழுவதும் ஆறிய தண்ணீர். வெந்நீர் கூடாது, சூடு மருந்தின் வீரியத்தைக் கெடுக்கும். புட்டியிலோ லேபிளிலோ ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கும்வரை வைத்திருந்து, பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். ஒரே மூச்சில் கோடுவரை ஊற்றினால், பொடி கரைந்தபின் மட்டம் இறங்கிவிடும். அப்படியே விட்டால் மருந்து கெட்டியாகி, ஒவ்வொரு வேளையும் அளவு கூடிப்போகும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் நீர்த்துப்போகும். உங்கள் வீட்டுக் கருத்து வேறுபாட்டில் நடுவர் அந்தக் கோடுதான். செய்து பார்க்கத் தயக்கமாக இருந்தால், கடையிலேயே கலந்து தரச் சொல்லிக் கேளுங்கள். அது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

கலந்த தேதியைப் புட்டியின்மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தானால் குளிர்பெட்டியில் வைத்து ஏழு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பனிக்கட்டி அறையில் வைக்கக் கூடாது. வேறு மருந்துகளுக்கு இந்தக் கணக்கு மாறும் என்பதால் லேபிளைப் பாருங்கள். மீதியை அடுத்த மாதக் காய்ச்சலுக்கு என்று எடுத்து வைப்பது வீண். அது அப்போது மருந்தாக இருக்காது. குளிர்பெட்டி இல்லாத வீட்டினர் சீட்டு எழுதும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரைகள் சில மருந்துகளில் கிடைக்கின்றன.

அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி வேண்டாம். ஒரு வீட்டுக் கரண்டி பிடிக்கும் அளவு இன்னொன்று பிடிப்பதில்லை. மருந்துடன் வரும் அளவுக் குப்பி, அதைவிட நன்றாக ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு பயன்படும். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். ஒரு புட்டிப் பாலில் கலந்து கொடுத்தால், குழந்தை பாதிப் பாலை விட்டுவிடும்போது பாதி மருந்தும் போய்விடும்.

இனி, கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று. அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த பொடி மருந்து 5 மி.லி.யில் 228.5 மி.கி. என்றும் 457 மி.கி. என்றும் இரண்டு வீரியங்களில் வருகிறது. குழந்தையின் எடையைக் கணக்கிட்டு, ஒன்றை மனத்தில் வைத்து "5 மி.லி." என்று எழுதியிருப்பார் மருத்துவர், கடையில் அது இல்லாமல் மற்றதைக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும். பெயர் ஒன்றுதான் என்று வாங்கிவிடாமல், சீட்டிலுள்ள எண்ணும் புட்டியிலுள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

வாந்தியைப் பொறுத்தவரை, கொடுத்து அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் மறுபடி ஒரு முறை கொடுக்கும்படி பெரும்பாலும் சொல்வார்கள். இருந்தாலும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் மருந்தில் பெரும்பகுதி வயிற்றைத் தாண்டியிருக்கும். அடுத்த வேளைக்குக் காத்திருக்கலாம். ஒவ்வொரு வேளையும் வாந்தியானால் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

கடும் காய்ச்சலுடன் மருத்துவமனைக்குப் போனபோது, இடுப்பில் கருத்துப்போன ஒரு சிறு புண்ணைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு பூச்சி கடித்துப் பரவும் பாக்டீரியாக் காய்ச்சல்) என்று சொல்லி டாக்சிசைக்ளின் 100 மி.கி. கேப்ஸ்யூலை ஏழு நாளுக்குக் காலை, இரவு என எழுதினார்கள். காய்ச்சல் இரண்டே நாளில் விட்டது. ஆனால் நேற்று முதல் எதை விழுங்கினாலும் நடுநெஞ்சில் கத்தியால் கீறுவதுபோல் வலிக்கிறது. வயல் வேலை செய்பவன் நான். இரவில் படுத்த பிறகு நினைவு வந்தால் ஒரு வாய்த் தண்ணீருடன் போட்டுக்கொள்வேன்.
— வாசகர், வேலூர் மாவட்டம்

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது, ஐயா. அந்தக் கேப்ஸ்யூல் உங்கள் உணவுக்குழாயின் நடுவில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே கரைந்து புண்ணாக்கியிருக்க வேண்டும். டாக்சிசைக்ளின் ஈரமான இடத்தில் கரையும்போது அமிலத்தன்மை கொண்டது. படுத்தபடி ஒரு வாய்த் தண்ணீருடன் விழுங்குபவர்களுக்கு இது நேர்வது மருத்துவர்களுக்கும் எங்களுக்கும் பழகிப்போன கதை. நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ ஒரு முழு தம்ளர் தண்ணீருடன் விழுங்கி, பிறகு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இரவு மாத்திரையைச் சாப்பாட்டுடன் முடித்துவிடுவது இன்னும் நல்லது. வயிற்றுக் குமட்டலும் குறையும்.

வலி தாங்காமல் இளஞ்சிவப்பு நிற அமில முறிவுத் திரவத்தை வாங்கிக் குடிக்கத் தோன்றும். அதையும் கேப்ஸ்யூலையும் ஒரே நேரத்தில் சேர்த்துவிடாதீர்கள். தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன அதே பிணைப்பு இங்கும் நிகழும். ஆனால் மருந்தையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் விட்டதனால் முடிந்துவிட்ட நோய் அன்று. கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய் அது. இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். புண்ணுக்கு மருந்து தருவார், தேவையானால் அசித்ரோமைசினுக்கு மாற்றுவார். தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

இந்த மருந்து தோலை வெயிலுக்கு எளிதில் தீய்ந்துபோகும்படி ஆக்கும். ஏழு நாளும் வயலில் முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் அவசியம். முடிந்தால் நண்பகல் வெயிலைத் தவிர்த்துவிடுங்கள்.

இரவுப் பணியில் இருக்கிறேன். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா?
— வாசகர், சென்னை

கூடாது. நினைவு வந்தவுடன் விட்டுப்போனதைச் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுப்போனதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் சாப்பிடுங்கள். சீட்டில் 1-0-1 என்றிருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒன்று, 1-1-1 என்றிருந்தால் ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு ஒன்று என்று பொருள். காலை, மதியம், இரவு என்ற சொற்கள் பகலில் விழித்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நீங்கள் உங்கள் விழிப்பு நேரத்தை ஒட்டிக் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். மருந்து தொடர்ந்து இரண்டு மூன்று வேளை விட்டுப்போயிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

சிறு வயதில் ஏதோ ஊசி போட்டபோது உடம்பெங்கும் தடித்துவிட்டதாக என் தாயார் சொல்வார். மருந்தின் பெயர் தெரியாது. இப்போது பல் மருத்துவர் அமாக்சிசிலின் எழுதியிருக்கிறார். சாப்பிடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

அவரிடம் இதைச் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த ஊசி பென்சிலினாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. பெயர் தெரியாவிட்டாலும், எப்போது போட்டார்கள், எத்தனை நேரத்தில் தடித்தது, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா என்று தாயாரிடம் கேட்டு எழுதிக் கொண்டுபோங்கள். இந்த நான்கு விடைகளும் மருத்துவருக்குப் பெரிய உதவி. அதே சமயம், வாழ்நாள் முழுதும் "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்ற முத்திரையைச் சோதிக்காமல் சுமப்பதும் நல்லதன்று. மேலை நாடுகளில் அவ்வாறு சொல்லிக்கொள்பவர்களை முறையாகச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஒவ்வாமை இல்லை என்று தெரியவந்தது. பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல அது மறைந்தும் விடுகிறது. முத்திரை இருப்பதால் அவர்களுக்கு எளிய, மலிவான மருந்துக்குப் பதில் வீரியம் மிகுந்த வேறு மருந்து எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை மருத்துவமனையில் நடக்க வேண்டியது. பாதி மாத்திரையை வீட்டில் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது.

எந்த ஆண்டிபயாட்டிக்காக இருந்தாலும், சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சில் இரைப்பு, தலைசுற்றி விழுதல் ஆகியவை நேர்ந்தால் 108ஐ அழையுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வாமை மாத்திரை அதற்குப் போதாது. அட்ரினலின் ஊசி தேவைப்படும். சில நாள் கழித்துக் காய்ச்சலுடன் வாயிலும் கண்ணிலும் புண் தோன்றி, தோல் கொப்புளித்து உரிந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சல்ஃபா சேர்ந்த மருந்துகளில் இது அரிதாக நிகழ்வதுண்டு.

வயிறு சற்று இளகிப் போவது ஒவ்வாமை அன்று. குடலின் நல்ல பாக்டீரியாக்களும் மருந்தில் மடிவதன் விளைவு அது. உப்பு-சர்க்கரைக் கரைசலும் எளிய உணவும் போதும். மருந்து அனுமதித்தால் மோரும் குடிக்கலாம். ஆனால் தண்ணீர்போல ஒரு நாளில் பலமுறை போவதும், இரத்தமோ சளியோ கலந்து போவதும், கடும் வயிற்று வலியும் வேறு செய்தி. மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் இது வரலாம். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சளிக் காய்ச்சலுக்குக் கடையில் "ஒரு செட்" கேட்டால் நான்கைந்து மாத்திரைகளை வெட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு வேளையில் சரியாகிவிடுகிறது. மீந்த மாத்திரைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். டாக்டருக்கு 300 ரூபாய் கொடுப்பானேன்?
— வாசகர், விழுப்புரம்

சளிக் காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதை எந்த ஆண்டிபயாட்டிக்கும் தொடாது. அந்தச் செட்டில் காய்ச்சலைத் தணித்தது பாராசிட்டமாலாகவும், மூக்கொழுகலை நிறுத்தியது ஒவ்வாமை மாத்திரையாகவும் இருக்கும். சளி தன் நாள் முடிந்ததும் தானே போயிருக்கும். நடுவில் இருந்த அந்த ஒற்றை ஆண்டிபயாட்டிக், உங்கள் குடல் கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்கியதைத் தவிர வேறு எதையும் செய்திருக்காது. டெங்குவும் வைரஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள். செட் மாத்திரையில் இரண்டு மூன்று நாள் கழிந்தால், கவனிக்க வேண்டிய நாள்கள் கழிந்துவிடும். சில கடைகளின் செட்டில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்திருப்பதுண்டு. நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் இதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. செஃபிக்சிம் போன்ற ஆண்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் அடங்கிய 46 மருந்துகளை, கூடுதல் கட்டுப்பாட்டுடன் விற்க வேண்டியவற்றுக்கான எச்1 பட்டியலில் சேர்த்த விதி 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் விவரத்தையும் கொடுத்த அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத அமாக்சிசிலினையும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு கண்டால் அது மருத்துவர் சீட்டுடன் மட்டுமே வாங்க வேண்டிய மருந்து என்று பொருள். 2016 முதல் அரசு இதைப் பொதுமக்களுக்குச் சொல்லிவருகிறது.

வெட்டிக் கொடுத்த மாத்திரையில் இன்னொரு குறை உண்டு. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் பத்திரமாக வைத்திருப்பவற்றில் எது எந்த மருந்து, எப்போது காலாவதியாகும் என்று உங்களுக்கே தெரியாது. சமையலறை அலமாரியின் சூடும் ஈரமும் அவற்றை இன்னும் விரைவாகக் கெடுத்திருக்கும். பெயர் தெரியாத அந்த மாத்திரைகளை ஒரு கவரில் போட்டு உங்கள் பகுதி மருந்தாளுநரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடையாளம் தெரிந்தவற்றைச் சொல்லி, மற்றவற்றை எப்படி அப்புறப்படுத்துவது என்றும் சொல்வார். அக்கம்பக்கத்தில் யாராவது காய்ச்சல் என்று கேட்டால் அவற்றிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாகர்கோவில் வாசகியைப் போல அவருக்கும் ஒரு பழைய ஊசிக் கதை இருக்கலாம்.